வாட்டில் நிற்கிறவரே வகுப்பிலும் நிற்கட்டும்

கிழக்குப் பல்கலைக்கழக சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தினருக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வைத்தியசாலைகளை நிர்வகிக்கிறவர்களுக்கும், தாதியர் கல்லூரி அதிபர்களுக்கும், சுகாதார அமைச்சில் தாதியர் விடயங்களைப் பார்க்கிறவர்களுக்கும்

மதிப்புக்குரியவர்களே,

நான் ஒரு தாதிய உத்தியோகத்தர். இருபத்தொரு வருட சேவை. இரண்டு மாவட்டங்களிலும் மாறி மாறி வேலை செய்திருக்கிறேன். கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்டில் நோயாளியைப் பார்க்கிறவரே வகுப்பிலும் படிப்பிக்கிற மாதிரி, வகுப்பில் படிப்பிக்கிறவரே வாட்டில் நோயாளியைப் பொறுப்பெடுக்கிற மாதிரி, சில பதவிகளை நமது பகுதியில் உருவாக்கித் தாருங்கள். கிழமையில் சில நாள் அங்கே, சில நாள் இங்கே. எழுத்தில், கடிதத்தோடு, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பதவியாக.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஓர் இரவைச் சொல்ல வேண்டும்.

வெள்ளாமை வெட்டுக் காலம். படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரம்பில் நடக்கும்போது கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது. இருட்டு. என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம், பிழை என்னுடையது. புடையன், அதாவது கண்ணாடி விரியன், கடித்திருந்தால் இரத்தம் உறையாமல் போகும். அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் செய்வது மிகச் சாதாரணமான ஒரு சோதனை. இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்து நின்றால் ஆறுதல். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது.

அன்று புதுக் குழாய் முடிந்திருந்தது. வெறும் ஊசிமருந்துக் குப்பிகளைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிக் காயவைத்து அலுமாரியில் எடுத்து வைத்திருப்போம். அதில் ஒன்றை டாக்டரிடம் நீட்டியது நான். பக்கத்தில் கடைசி வருட மாணவி ஒருத்தி நின்றாள். குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். 20 நிமிடம் கழித்துச் சரித்தபோது இரத்தம் ஓடியது. விஷமுறிவு மருந்தைக் கரைக்க ஆயத்தமானோம். அந்த மருந்து இந்தியாவிலிருந்து வருவது. ஏற்றும்போது ஒவ்வாமை வந்து உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழுகிற ஆட்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். தேவை இருந்தால் உயிர் காக்கும் மருந்து அது. தேவையில்லாதவருக்கு ஏற்றினால் நாங்களே தேடிக்கொடுத்த ஆபத்து.

நல்லகாலம், மூத்த டாக்டர் வந்து குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்து வாட்டிலிருந்து புதுக் கண்ணாடிக் குழாய் எடுப்பித்துத் திரும்பச் செய்யச் சொன்னார். இரத்தம் உறைந்தது. அடுத்தடுத்துப் பார்த்தபோதும் உறைந்தது. மருந்து ஏற்றவில்லை. மூன்றாம் நாள் அந்த மனுசன் நடந்தே வீட்டுக்குப் போனார்.

விடியற்காலை தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள்.

"மிஸ், சவர்க்காரம் பட்ட போத்தல்ல ரத்தம் ஒழுங்கா உறையாதெண்டு கிளாஸ்ல சொல்லித் தந்தவங்க."

"ஏன் புள்ள அப்பவே சொல்லல்ல?"

"ஏசுவீங்க எண்டு பயந்துட்டன்."

நான் ஏசியிருப்பேன். அதை இன்று மறைக்கப் போவதில்லை. "இஞ்ச இப்பிடித்தான் செய்யிற, நீ புத்தகத்தை மூடி வை" என்று சொல்லியிருப்பேன். அதற்கு முன் எத்தனையோ பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியுமிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ட்ரெசிங் ட்ரொலிதான் நின்றது. அதைத் தாண்டி அந்த அறிவு என் பக்கம் வரவில்லை. அவளுக்கு அதைப் படிப்பித்தவர் அன்று வாட்டில் என்னோடு டியூட்டியில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். "தங்கச்சி, இந்தக் குப்பி வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். எனக்கும் கோபம் வந்திருக்காது, என்னோடு சேர்ந்து இரவு முழிக்கிறவர் சொல்கிற சொல் அது. அலுமாரியில் இருந்த குப்பிகள் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும்.

மற்றப் பக்கமும் இதே கதைதான். எங்களிடம் இருப்பது வகுப்புக்குப் போவதில்லை.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான வருடம் எங்கள் வாட்டுகளில் கட்டிலுக்குக் கீழேயும் பாய் போட்டோம். டெங்குவில் குருதிக் குழாயிலிருந்து நீர் கசிகிற கட்டம் 24 தொடக்கம் 48 மணித்தியாலம் வரை போகும். அந்த நேரத்தில் உடம்புக்குள் போகிற நீர் குறைந்தால் நோயாளி அதிர்ச்சிக்குள் போவார், கூடினால் நெஞ்சறைக்குள் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். ஆகவே குடித்தது எவ்வளவு, சேலைன் ஏறியது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று மணிக்கு மணி எழுத வேண்டும். 50 கிலோ நிறையுள்ளவர் மணிக்கு 25 மில்லிலீற்றராவது சிறுநீர் கழிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் வகுப்பில் நன்றாகவே படிப்பிக்கிறீர்கள். பிள்ளைகள் வந்து அட்டவணையை அழகாக வரைகிறார்கள். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெத்தா, நோயாளியின் பாட்டி, சொல்கிறா: "மிஸி, ரெண்டு கோப்ப குடிச்சான், மறுகா ஒரு அரக் கோப்ப." அந்தக் கோப்பை எவ்வளவு பெரியது? ஒரு வீட்டுக் கோப்பை 120, இன்னொன்று 200, ஒருவர் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் 350. மாணவி எல்லாவற்றையும் 150 என்று எழுதிக்கொண்டு போவாள். அட்டவணை சுத்தமாக இருக்கும், கணக்கு முழுப் பொய்.

நான் செய்வது இதுதான். நோயாளி வந்தவுடன் அவருடைய கோப்பையை வாங்கி, அளவுச் சாடியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, வெளியே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, எத்தனை மில்லி என்று பேனையால் எழுதிவிடுவேன். பாதிக்கு ஒரு கோடும் போடுவேன். அதற்குப் பிறகு பெத்தாவுக்கும் எழுத்துக்கும் நடுவில் குழப்பம் வராது. பெத்தாவே சொல்லுவா, "கோட்டுக்கு மேல கொஞ்சம் மிச்சம் இரிக்கி" என்று. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எனக்கு முன் அந்த வாட்டில் இருந்த ஒரு சிஸ்டரிடம் பார்த்துப் பழகினேன். நான் ஓய்வுபெற்றால் இதுவும் என்னோடு போய்விடும்.

இதை விரிவுரையாளர் ஒருவரும் பார்த்தார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஒரு டெங்குக் காலத்தில் யாரும் கேட்காமல் அவராகவே கிழமைக்கு இரண்டு காலை வாட்டுக்கு வந்தார். மாணவர்களின் வரவுப் புத்தகத்தில் ஒப்பம் வைத்துவிட்டுப் போகிற வருகை இல்லை அது. சீருடை போட்டு, நாலு கட்டிலைத் தன் பொறுப்பில் எடுத்து, மருந்து கொடுத்து, நோயாளியின் குறிப்பேடான பி.எச்.ரி-யில் எழுதிக் கையொப்பம் வைத்தார். பிளாஸ்டர் ஒட்டின கோப்பையைப் பார்த்து நின்று, "இதை ஏன் நாங்க ஒருநாளும் படிப்பிக்கல்ல?" என்று கேட்டார். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் வாட்டுக்கு வந்த முதல் நாளே "மிஸ், கோப்பை அளந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததும் நிறைய. படுக்கைப் புண் வரக்கூடிய நோயாளியை முன்கூட்டியே புள்ளி போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி என்று கட்டில் பக்கத்தில் நின்றுதான் அவரிடம் படித்தேன். பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினால் தேநீர் இடைவேளையோடு மறந்துபோகிற விஷயம், நாரி (இடுப்பு) உளைய உளைய ஒரு ஐயாவைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டே கேட்டதால் இன்னும் மறக்கவில்லை.

பிறகு அவருடைய வருகை நின்றுபோனது. வகுப்பு கூடியது, குழு கூடியது, ஆய்வு எழுத வேண்டியிருந்தது. வாட்டில் நின்ற காலையெல்லாம் அவருடைய வேலைக் கணக்கில் எங்கும் ஏறவில்லை. வாட்டிலும் அவருக்கு ஓர் இடம் இல்லை. "நீங்க ஆர், உங்கட பொறுப்பில ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்ற?" என்று ஒருவர் கேட்டபோது காட்டுவதற்கு அவர் கையில் ஒரு கடிதம்கூட இருக்கவில்லை. அவர் வந்தது தயவில். தயவில் நடக்கிற வேலையை எத்தனை நாள் நம்பியிருக்க முடியும்?

இந்தக் கடிதத்தில் நான் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

இது ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். நமது போதனா வைத்தியசாலைகளிலேயே டாக்டர்மாருக்கு இந்த வழி எவ்வளவோ காலமாக இருக்கிறது. மருத்துவ பீடத்தில் சத்திரசிகிச்சை படிப்பிக்கிற பேராசிரியர் வைத்தியசாலையிலும் நிபுணராக இருப்பார். அவருக்கென்று வாட்டு உண்டு, கிளினிக் உண்டு. பேராசிரியர் அலகு என்று பெயர்ப்பலகையே போட்டிருக்கிறோம். காலையில் வாட்டு ரவுண்டில் பார்த்த நோயாளியைப் பத்து மணி வகுப்பில் பேசுவார். சம்பளம் பல்கலைக்கழகத்தில், நோயாளி அமைச்சின் ஆஸ்பத்திரியில். யாரும் இதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை. மருத்துவம் படிப்பிக்கிறவர் நோயாளியைத் தொடாமல் இருந்தால்தான் விசித்திரம் என்போம். அதே கட்டில், அதே நோயாளி. தாதியம் படிப்பிக்கிறவருக்கு மட்டும் ஏன் அந்த வாசல் திறக்கவில்லை?

தாதியத்தில் தொடக்கம் அப்படியிருக்கவும் இல்லை. 1860-ல் லண்டன் செயின்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில் நைற்றிங்கேல் பெயரில் பயிற்சிப் பாடசாலை தொடங்கியபோது, அதை நடத்திய சாரா வார்ட்ரோப்பர் அம்மையார்தான் அந்த ஆஸ்பத்திரியின் தாதியருக்குத் தலைவியான மேற்றனாகவும் இருந்தார். வாட்டும் வகுப்பும் ஒரே கையில் இருந்தன. தாதியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இரண்டும் பிரிந்தன. பிரிந்ததில் நன்மையும் இருந்தது. அதுவரை மாணவி என்றால் சம்பளம் குறைந்த வேலைக்காரி, படிப்பு வாட்டு வேலை முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில் என்ற நிலை மாறியது. அந்த நிலைக்குத் திரும்பிப் போவோம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் பிரிந்ததை அறிவோடு திரும்பச் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1972-ல் தாதியர் பீடத்தின் முதல் பீடாதிபதியாக வந்த லொரெற்றா போர்ட், அந்தப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் தாதியர் சேவைக்கும் தானே தலைமை வகித்தார். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இந்தியாவில் வேலூர் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்குப் போய் வந்தவர்கள் மட்டக்களப்பில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அங்கே 1909-ல் தாதியர் பாடசாலை தொடங்கியது, 1946-ல் பட்டப்படிப்பு வந்தது. அங்கே கல்லூரியில் படிப்பிக்கிற தாதியருக்கு ஆஸ்பத்திரி வாட்டுகளிலும் பொறுப்பு உண்டு. போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், டாக்டரைச் சொல்கிற அதே மூச்சில் அங்குள்ள சிஸ்டர்மாரையும் சொல்வார்கள்.

நமது நாட்டில் ஏணி வேறு மாதிரிப் போடப்பட்டிருக்கிறது. வாட்டில் கெட்டிக்காரியாக இருக்கிற ஒருத்தி மேற்கொண்டு படித்து, தாதியர் கல்லூரியில் படிப்பிக்கிற டியூட்டர் ஆனால், அன்றோடு நோயாளியை விட்டுப் போகிறாள். பட்டம் எடுத்து விரிவுரையாளர் ஆனாலும் அதேதான். திறந்த பல்கலைக்கழகம் 1994-ல் பிஎஸ்சி தாதியம் தொடங்கியதால் வேலையை விடாமல் படித்தவர்கள் பலர் உண்டு. நானும் அதில் ஒருத்தி. நைட் டியூட்டி முடித்து, பிள்ளையை அம்மாவிடம் விட்டு, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ப் படித்த படிப்பு. அந்தப் பட்டம் என் சேவைக் கோப்பில் ஒரு பிரதியாக இருக்கிறது. வாட்டில் அதற்கென்று ஒரு வேலை இல்லை. படிப்பிக்க ஆசைப்பட்டால் வாட்டை விட வேண்டும், வாட்டில் இருக்க ஆசைப்பட்டால் படிப்பித்தலை விட வேண்டும். என்னைப் போன்ற பலர் இந்த இரண்டில் ஒன்றை மனமில்லாமல் விட்டவர்கள்.

இதில் நோயாளிக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 2014-ல் லான்செற் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பாவின் 9 நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், சத்திரசிகிச்சை செய்துகொண்ட 420,000-க்கு மேற்பட்ட நோயாளிகள். பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 வீதம் கூடும்போது, அனுமதிக்கப்பட்டு 30 நாளுக்குள் இறக்கிற வாய்ப்பு 7 வீதம் குறைந்திருந்தது. ஒரு தாதி பார்க்கிற நோயாளிகளில் ஒருவர் கூடும்போது அந்த வாய்ப்பு 7 வீதம் ஏறியிருந்தது. ஐரோப்பாவின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது, தெரியும். ஆனால் அங்கே அவர்கள் எண்ணியது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற படித்த தாதியரை. நாங்கள் ஒருவர் படிக்கப் படிக்க அவரைக் கட்டிலிலிருந்து தூரமாக்கிக்கொண்டே போகிறோம். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று வந்தபோது எங்களோடு நின்ற அனுபவசாலிகள் பலர் போய்விட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, வீட்டுக் கடன் எனக்கும் இருக்கிறது. ஆனால் மிச்சமிருக்கிற அனுபவத்தையாவது மாணவர்களுக்கு நேரே கொடுக்க ஒரு வழி வேண்டாமா?

நமது பகுதிக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். படிப்பு ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை எல்லோரும் ஒரே வாட்டில் ஒரே நோயாளிக்கு முன்னால் நிற்கிறார்கள். வாகரையிலிருந்து வந்த அம்மா "நெஞ்சுக்க அடைக்குது மகள்" என்கிறா. அது மாரடைப்பா, சளியா, கவலையா? "நாரி உளையுது" என்றால் எலும்பா, சிறுநீரகமா, பிரசவ வலியின் தொடக்கமா? அம்பாறைப் பக்கம் போனால் ஒரே நாளில் சிங்களத்திலும் தமிழிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டி வரும். வெலிகந்தையிலோ மாத்தறையிலோ இருந்து வந்த ஒரு பிள்ளைக்கு எங்கள் ஊர்த் தமிழில் நோவைப் பற்றிக் கேட்கப் பழக்குவது பாடத்திட்டத்தின் எந்த அலகில் வரும்? கிழமைதோறும் அந்த வாட்டில் நிற்கிற ஆசிரியரால்தான் அதைச் செய்ய முடியும். "உளையுது எண்டால் எங்க உளையுது, கையை வைச்சுக் காட்டுங்கம்மா" என்று அந்தச் சிங்களப் பிள்ளை கேட்டபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவளுடைய கையைப் பிடித்து நாரியில் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது அந்த விரிவுரையாளர்தான்.

சரி, தடைகளுக்கு வருவோம். எனக்கும் அவை தெரியும்.

வாட்டுத் தாதி அமைச்சின் ஆள், விரிவுரையாளர் பல்கலைக்கழகத்தின் ஆள். சம்பளத்திட்டம் வேறு, விடுமுறை வேறு, ஓய்வூதிய ஒழுங்கு வேறு, பதவி உயர்வு வேறு. ஒருவரை இரண்டு இடத்திலும் நியமிக்கச் சட்டம் இடம்தராது என்பார்கள். நானும் இரண்டு நியமனம் கேட்கவில்லை. நியமனம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். டாக்டர்மாருக்குச் செய்திருப்பது போல, விரிவுரையாளருக்கு வாட்டில் பொறுப்பும், வாட்டுத் தாதிக்குப் பீடத்தில் ஆசிரியர் என்ற இடமும் ஓர் உடன்படிக்கையால் கொடுங்கள். வாட்டு நாளில் வாட்டுப் பொறுப்புச் சகோதரி சொல்வதே முடிவு, வகுப்பு நாளில் துறைத் தலைவர் சொல்வதே முடிவு என்று எழுதிவிட்டால் யாருக்குப் பதில் சொல்வது என்ற குழப்பமும் வராது.

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' ஆகிவிடும் என்று ஒரு மூத்த மேற்றன் என்னிடம் சொன்னார். இந்த எச்சரிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இதுதான் உண்மையான ஆபத்து. பிரித்தானியாவில் 1980-களிலிருந்து இப்படி இரண்டு பக்கமும் வேலை செய்கிற பதவிகளைத் தொடங்கினார்கள். பாதிப் பாதி என்று எழுதிய வேலை, நடைமுறையில் இரண்டு முழு வேலையாகி ஆட்களைக் களைக்க வைத்தது என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். இங்கும் அப்படித்தான் நடக்கும், நாங்கள் கவனமாக இல்லாவிட்டால். வாட்டில் ஆள் குறைந்த நாளில் "நீங்க இண்டைக்கு வகுப்புக்குப் போக வேணாம்" என்பார்கள். பரீட்சைத் தாள் திருத்துகிற காலத்தில் "இந்தக் கிழமை வாட்டுக்குப் போகாதீங்க" என்பார்கள். நைட் டியூட்டி முடித்த கண்ணோடு ஒருவரைக் காலை எட்டு மணி வகுப்புக்கு அனுப்புவார்கள். ஆகவே நேரத்தை டியூட்டி லிஸ்ட்டிலேயே எழுத வேண்டும். வகுப்பு நாள் என்றால் அது வேலை நாள். ஓய்வு நாளில் செய்கிற சேவையாக அதை ஆக்கக்கூடாது. அந்த ஆள் இல்லாத நாளுக்கு வாட்டுக்கு மாற்றாள் வேண்டும். மாற்றாள் தர முடியாவிட்டால் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன், ஒரு நல்ல யோசனையை ஆளைச் சாகடித்து நடத்துவதைவிட அது நடக்காமல் இருப்பது நல்லது.

பதவி உயர்வு விஷயத்தைப் பீடத்தினரும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும்தான் யோசிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்குப் புள்ளி இருக்கிறது. வாட்டில் நோயாளியைப் பொறுப்பெடுத்து நின்றதற்கும் புள்ளி இல்லையென்றால் புத்திசாலியான எந்த இளம் விரிவுரையாளரும் வரமாட்டார், வரவும் கூடாது. ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆய்வுக்கு விஷயம் தேடி அலைகிற பிள்ளைகள் வாட்டில் நின்றால் விஷயம் காலில் வந்து இடறும். விசகடி வைத்தியரிடம் போய் இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர், எந்த மாதத்தில் கூடுகிறது, கட்டு அவிழ்த்த பிறகு காலுக்கு என்ன ஆனது என்று நமது வயற்காட்டு ஊர்களில் பெரும்போகம் முழுக்க ஒரு தாதி எழுதி வைத்தால் போதும். அதை எழுத வாட்டில் யாருக்கும் நேரம் இல்லை. கேட்கத் தெரிந்தவர்கள் வாட்டில் இல்லை.

எனது யோசனை சிறியது. ஒரு வாட்டோடு தொடங்குங்கள். மருத்துவ வாட்டு ஒன்று, ஒரு வருடம். பீடத்திலிருந்தோ தாதியர் கல்லூரியிலிருந்தோ ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் அந்த வாட்டில் நோயாளிகளைப் பொறுப்பெடுக்கட்டும். அந்த வாட்டிலிருந்து பட்டம் பெற்ற ஒரு தாதி கிழமைக்கு இரண்டு நாள் அங்கே போய்ப் படிப்பிக்கட்டும். இப்படி மாற்றிக்கொண்டால் முதல் வருடம் மாற்றாள் பிரச்சினையும் பாதி தீரும். ஒருவர் போகிற நாளில் மற்றவர் வருவார். வருட முடிவில் அந்த வாட்டின் படுக்கைப் புண், மருந்துத் தவறு, டெங்கு அட்டவணை, மாணவர்களின் செய்முறைப் பரீட்சை எல்லாவற்றையும் முந்திய வருடத்தோடு வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்.

மட்டக்களப்புக்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி 1981-ல் வந்தாறுமூலையில் தொடங்கியபோது என் அம்மா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தா. 1986-ல் அது பல்கலைக்கழகமானது. 2004 சுனாமிக்குப் பின் வந்த வருடங்களில்தான் நமக்கு மருத்துவப் படிப்பும் தாதியப் பட்டப்படிப்பும் கிடைத்தன. யுத்தத்தையும் அலையையும் பார்த்த ஊரில் இவ்வளவும் நடந்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் ஒரு வாட்டுக்கும் ஒரு வகுப்புக்கும் நடுவில் ஒரு கதவு வைப்பது பெரிய வேலை இல்லை.

அந்தக் கடைசி வருட மாணவி இப்போது இன்னொரு மாவட்டத்தில் தாதியாக இருக்கிறாள். போன வருடம் தொலைபேசியில் பேசினாள். தன் வாட்டு அலுமாரியில் புதுக் கண்ணாடிக் குழாய் எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணுகிறாளாம். அவளிடம் இப்போது மாணவிகள் வருகிறார்களாம். "அவங்க ஏதும் சொன்னா ஏசாமக் கேக்கிறன் மிஸ்" என்றாள்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களில் யாராவது முதல் வாட்டைத் தேடினால், நான் என் வாட்டுப் பொறுப்புச் சகோதரியிடம் பேசிவிட்டேன், அவ சம்மதம் சொல்லிவிட்டா. படிப்பிக்கப் போகவும் நான் தயார், வருகிறவருக்கு முதல் கிழமை கூட நின்று வாட்டைக் காட்டவும் தயார். அடுத்த மாத டியூட்டி லிஸ்ட்டை இந்த மாதம் 25-ம் திகதிக்குள் எழுதிவிடுவோம். அதற்கு முன் ஒரு கடிதம் வந்தால் புதனையும் வியாழனையும் ஒதுக்கி வைக்கலாம்.

இப்படிக்கு,
தாதிய உத்தியோகத்தர் ஒருவர்
மட்டக்களப்பு